எள்ளளவு எலும்பு

கல்லறைக் கல்லில் எனக்கு இடம் விடவில்லை. அது தெரிந்தது கல் கடையில், மதியச் சாப்பாட்டு வேளையில்.

கல்லுக்குச் சொல்லியிருந்தது மாமனார். "நீ அலைய வேணாம் மாப்ள, நான் பார்த்துக்கறேன்" என்றிருந்தார். அலைவதில் எனக்குச் சிரமம் இல்லை. என் மனைவி போன பிறகு எதிலும் சிரமம் இல்லை, சுகமும் இல்லை. எழுத்து எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். எழுத்துகளோடுதான் என் பிழைப்பு. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். அதற்கென்றே கல்லூரியில் படித்தவன்.

கடை முழுக்க வெள்ளைத் தூள். முதலாளியம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒரு கல்லின் மேல் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் பெயரைச் சொன்னேன்.

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரர்."

"யாரோட வீட்டுக்காரர்?"

சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்லைக் காட்டினேன். அவர் துணியை இறக்கினார்.

"கல்யாணம் ஆனவங்களா? மகள்னு மட்டும்தானே போடச் சொன்னாங்க. நான் யாரோ சின்னப் பொண்ணுன்னு இல்ல நினைச்சேன்."

படித்தேன். அவள் பெயர். அதன் கீழே மாமனாரின் பெயர் போட்டு, அவருடைய மகள். பிறந்த தேதி, இறந்த தேதி. எல்லாம் கல்லுக்கு நட்டநடுவில், நான்கு பக்கமும் சம இடம் விட்டு. மனைவி என்ற சொல் எங்கும் இல்லை.

"கீழ்ப்பாதி காலியா விடலையா?"

"எதுக்கு விடணும்? ஒத்தைக் குழி, ஒத்தைக் கல்லு. பெரியவர் தெளிவாத்தான் சொன்னார். குழி வெட்டினதும் எங்க ஆளுதான். இடுப்புக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் ஆழம். ரெட்டைன்னா ஆள் முங்கற அளவு போயிருப்பாங்களே." என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு குவளையை நீட்டினார். "தண்ணி குடிங்க. கல்தூள் தொண்டையைப் பிடிக்கும்."

குடித்தேன். "எழுத்து நல்லா இருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. கடைக்குத் திரும்பி, காத்திருந்தவர்களுக்குக் கண் பார்த்தேன். சாயங்காலம், சுத்தமாகிவிட்ட ஒரு கண்ணாடியைக் கை துடைத்துக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். அவள் போன பிறகு என் உடம்பு தானாக ஒன்று செய்தது அதுதான் முதல் தடவை.

ரெட்டைக் குழி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜெபக்கூடத்துக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டம் சிறியது. சுற்றிலும் மதில். இடம் போதாது என்பதால் கணவன் மனைவிக்கு ஒரே குழிதான். முதலில் போகிறவரை ஆழத்தில் வைத்து, மற்றவருக்கு மேலே இடம் விட்டு மூடுவார்கள். கல்லிலும் அப்படியே. மேல்பாதியில் ஒரு பெயர், கீழ்ப்பாதி வழவழவென்று காலி. துணையை இழந்த பெரியவர்கள் ஆராதனை முடிந்ததும் தோட்டத்துக்குப் போய், தங்கள் காலிப் பாதியைத் துடைத்துவிட்டு வருவார்கள். "என் சீட்டு" என்பார்கள். "எவனும் துண்டு போட முடியாத சீட்டு."

அவளைப் புதைத்த அன்று மாமனார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "அந்நியன்னு உன்னை யாரும் சொல்லக் கூடாது. இந்த மதிலுக்குள்ள உனக்கு ஒரு இடமும் ஒரு பேரும் உண்டு, மகனே." கூட்டம் விம்மியது. நான் குழிக்குள் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அதற்குப் பிறகு எழுந்தேன், பல் துலக்கினேன், வேலைக்குப் போனேன்.

மாமனார் வாழ்நாள் முழுவதும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர். ஜன்னல் இல்லாத அடித்தள அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூடத்தின் மூப்பர், பிரசங்கியார். தீர்க்கதரிசிகள்தான் அவர் பேச்சு எப்போதும். கடவுள் தெரிந்துகொண்ட, சிதறிப்போன ஜனம் ஒருநாள் வீடு திரும்பும். பள்ளத்தாக்கு நிறையக் கிடக்கும் உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நரம்பும் சதையும் ஏறி, எழுந்து நிற்கும். மற்றவர்களுக்கு அது உவமை. அவருக்கு அது டிபார்ட்மெண்ட்.

அதோடு நிறுத்தமாட்டார். இரண்டாவது பாதியை எப்போதும் சேர்த்துச் சொல்வார். அந்த ஜனம் தனியாக வராது. அதில் பிறக்காத புறஜாதிகளும் கூடவே வருவார்கள். கடவுளோடு சேர்ந்துகொண்ட அந்நியன், அவர் தன்னை விலக்கிவிடுவார் என்று பயப்படவேண்டியதில்லை. அவருடைய மதில்களுக்குள் அவனுக்கு இடம் உண்டு. மகன்கள் மகள்களின் பெயரைவிட மேலான பெயர் உண்டு.

நான் வெளியிலிருந்து வந்தவன். என் வீட்டில் சாமி பெயரே வேறு. அந்தக் கூடத்துக்கு முதலில் அவளுக்காகத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அந்த இரண்டாவது பாதிக்காக உட்கார்ந்தேன். நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த அன்று என் அப்பா, "போறவன் திரும்பி வராதே" என்று கதவைச் சாத்தினார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமனார் எங்கள் இருவரையும் எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போனார். "இடது கையை வை. விரலை விரி. அசையாதே." இரண்டு பிலிம். பெயர் இருந்த ஓரத்தைக் கத்தரியால் வெட்டி எறிந்தார். எங்கள் கைகள் ஒரே அளவு. அவளுக்கு விரல் நீளம்; எனக்கு விரல் குட்டை, உள்ளங்கை நீளம். "ஆம்பளைக் கையா இது?" என்று அவள் பழகிய புதிதிலேயே அளந்து பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

கல்யாணப் பிரசங்கத்தில் இரண்டு பிலிம்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார்.

"ஒண்ணு உள்ள பிறந்த கை. ஒண்ணு வெளியிலேர்ந்து வந்த கை. எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. என் மச்சான், அவளுடைய அண்ணன், பின்வரிசையிலிருந்து கத்தினான்: "நகத்துல அழுக்கு இருக்கறது மாப்ள கை!"

"நகம் படத்துல தெரியாதுடா மடையா! தோலும் தெரியாது, குலமும் தெரியாது. எலும்பு மட்டும்தான் தெரியும். எலும்புக்கு ஏது புறஜாதி?"

கூடமே சிரித்தது, சிலர் அழுதார்கள். நானும்தான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஒட்டு. ஒட்டுக்கிளை என்பதன் சுருக்கம். காட்டு ஒலிவமரத்தின் கிளையை வெட்டி நாட்டு மரத்தில் ஒட்டுவது பற்றி வேதத்தில் வரும் பேச்சு. மச்சானின் டயர் கடைக்குப் போனால், "வாடா ஒட்டு, காய் காய்ச்சாச்சா?" என்பான். அவள் கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவாள்.

அந்தப் பிரசங்கம் பெயர் பெற்றது. வருஷாவருஷம், வெளியிலிருந்து யார் புதிதாகச் சேர்ந்தாலும், பிலிம்கள் இரண்டும் வெளியே வரும்.

உண்மையில் ஒரு வித்தியாசம் இருந்தது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த வித்தியாசம். அவள் சுண்டுவிரலின் அடி மூட்டுக்குப் பக்கத்தில் எள்ளளவு எலும்பு ஒன்று கூடுதலாக உண்டு. பல பேருக்கு இருக்காது. எனக்கு இல்லை. சின்ன வயதில் அதைப் படத்தில் கண்டுபிடித்தது மாமனார்தான். "எங்க வீட்டுக்கு ஒரு எலும்பு அதிகம்" என்பார், சொத்துப் பத்திரத்தைக் காட்டுவதுபோல.

பிலிம்களுக்குத் தனித்தனியாகப் பழுப்புக் காகித உறைகள். அவள் படத்தின் உறை மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. என் உறை வெறும் உறை. கூடத்தில் பேசி முடித்ததும் இரண்டையும் எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கைரேகைகளைத் துடைத்து வைப்பது அவள் வேலை.

மாமனாருக்குக் கண்புரை. பெரியவருக்குக் கொஞ்ச காலமாகவே கண் சரியாகத் தெரிவதில்லை என்பது கூடத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் உடனே தெரியவில்லை. கடையில் நாற்காலியில் உட்காரவைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரி வரை மணி மணியாகச் சொல்லுவார். ஒருநாள் அட்டையை மாற்றினேன். அவர் பழைய அட்டையையே சொன்னார். என் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார்.

"மாமா, இது வேற அட்டை."

"எல்லா அட்டையும் ஒண்ணுதான்" என்றார் கூச்சமில்லாமல். வேதமும் அப்படித்தான் அவருக்கு. புத்தகம் திறந்திருக்கும், வாய் தானாக ஓடும். ஒரு டாக்டர் பெயரைச் சொல்லி ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொன்னேன். "பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு" என்றார்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு பிற்பகல் பிலிம்களைக் கேட்டாள். தலையணையில் சாய்ந்து ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் தன் படத்தை வெறும் உறையிலும், என் படத்தைச் சிவப்பு முடிச்சு உறையிலும் போட்டாள்.

"என்ன பண்ற?"

"சரி பண்றேன். வேதத்துல சிவப்பு நூல் யாரோடது? சொல்லு ஒட்டு."

சொன்னேன். நகரம் விழுந்த நாளில், ஜன்னலில் சிவப்பு நூலைக் கட்டி வைத்துத் தப்பித்த ஒருத்தியுடையது.

"அவ யாரு? வெளியாளு. அப்போ நூல் உனக்குத்தானே வரணும்? அப்பா தப்பா கட்டிட்டார்." இருமல் வந்தது, விட்டது. "எலும்புக்கு ஏது புறஜாதின்னு இவ்வளவு வருஷமா கத்தறாரே. நிஜமா நம்பறாரான்னு பார்ப்போம். கண்டுபிடிச்சா நான் தோத்தேன்."

அடுத்த ஞாயிறு அவர் இரண்டையும் தூக்கிப் பிடித்தார். வழக்கம்போல விரலால் முடிச்சைத் தடவிப் பார்த்து, அந்த உறையில் இருந்ததை வலது கையில் பிடித்தார். மகள் படம் எப்போதும் வலது கையில்தான். கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் சிரித்த கடைசிச் சிரிப்புகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு உறைகள் மாமனாரிடமே தங்கிவிட்டன, படங்கள் மாறியபடியே.

கல் கடைக்குப் போன மறுநாள் மாமனார் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னறையில் ரேடியோவைப் பிரித்துப்போட்டுத் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தார். மச்சான் தரையில் படுத்திருந்தான். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. சாப்பிட்டியா?"

"கல்லு பார்த்தேன் மாமா."

அத்தையின் கை நின்றது. மச்சான் எழுந்து உட்கார்ந்தான்.

"நல்லா வந்திருக்கா?" என்றார் மாமனார்.

"ஒத்தைக் கல்லு."

"ம்."

"ஒத்தைக் குழி."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அது உருண்டு போனது, தேடவில்லை. மச்சான் முந்திக்கொண்டான். "மச்சான், யோசிச்சுப் பாரு. உனக்கு என்ன வயசாச்சு? நாளைக்கே இன்னொரு கல்யாணம் பண்ணுவே. பண்ணத்தான் வேணும். அப்புறம் எந்தப் பொண்டாட்டி மேல படுப்பே? அவ வந்து சண்டைக்கு நிக்கமாட்டாளா?" சொல்லிவிட்டுத் தானே சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அதுக்குத்தானா மாமா?"

"அதுவும் ஒண்ணு."

"இன்னொண்ணு?"

அவர் ரேடியோவை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தார். பேசியபோது பிரசங்கக் குரல் இல்லை. ஆஸ்பத்திரிக் குரல்.

"நான் எலும்பு பார்த்தவன் மாப்ள. மண்ணுக்குள்ள போனா என்ன ஆகும்னு தெரியும். பெட்டிப் பலகை உளுத்துப்போகும். மேல இருக்கறது கீழ இறங்கும். முதல்ல இடம் மாறுறது சின்னச் சின்ன எலும்புதான். கை எலும்பு, கால் எலும்பு. அந்த நாள்ல எலும்பு எலும்போட சேரணும். அவங்கவங்க ஜனத்தோட எழுந்திருக்கணும். ரெண்டும் கலந்து கிடந்தா…"

"கலந்து கிடந்தா?"

"எம் பொண்ணுக்கு எதுவும் குறையக் கூடாது."

எள்ளளவு எலும்பை நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

"மத்தவங்க எல்லாம் ரெட்டைக் குழியிலதானே மாமா இருக்காங்க? அவங்க எலும்பு கலக்காதா?"

"அவங்க எல்லாம் ஒரே ஜனம்."

இவ்வளவு எளிதாகச் சொன்னார். யோசித்துச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"அப்போ நான்?"

"நீ ஆத்துமாவுல சேர்ந்தவன். அதுல சந்தேகமே இல்லை."

"மாமா, தீர்க்கதரிசி அந்நியன்னு சொன்னது யாரை? இங்க யாராவது அந்த ஜனத்துல பிறந்தவங்களா? உங்க தாத்தா யாரு? அவரும் வெளியிலேர்ந்து வந்தவர்தானே? இந்தக் கூடத்துல இருக்கற அத்தனை பேரும் புறஜாதிதானே?"

"அது எங்க தாத்தா காலம்."

"ஒட்டு எத்தனை தலைமுறையில மரமாகும் மாமா?"

மச்சான் தரையைப் பார்த்தான். அத்தை மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அன்னிக்கே" என்றார் யாரையும் பார்க்காமல். "புள்ளையைக் கையைப் பிடிச்சு, ஊரைக் கூட்டி, இடம் உண்டு இடம் உண்டுன்னு…"

"நான் பொய் சொல்லலை" என்றார் மாமனார். குரல் உயர்ந்தது. "மதிலுக்குள்ள இடம் உண்டுன்னுதான் சொன்னேன். உண்டு. குழாய்ப் பக்கம் மதில் ஓரமா ஒரு வரிசை இருக்கு. எழுதிக்கூடத் தர்றேன். மதிலுக்கு உள்ளதான் அது!"

எனக்கு அந்த இடம் தெரியும். பூச்செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் இடம். ஆட்கள் கால் கழுவிக்கொள்ளும் இடம்.

அவர் பொய் சொல்லவில்லைதான். பொய் சொல்லியிருந்தால் அவரை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வாக்கியம் மிச்சம் இருந்திருக்கும். இவர் வாக்கியத்தையே கெடுத்துவிட்டார். அதைக் கேட்டுத்தான் நான் ஒரு வீட்டை விட்டு வந்தேன். அவள் இருந்தவரை நான் கிளை. அவள் போனதும், எங்கிருந்து வெட்டி வந்தது என்று பார்க்கிறார்கள்.

"மகள்னு மட்டும் போட்டிருக்கீங்க" என்றேன்.

"கல்லுல இடம் பத்தலை மாப்ள" என்றார் மெதுவாக.

கல்லில் நான்கு பக்கமும் இடம் இருந்தது. நான் பார்த்தேன். அவர் பார்த்திருக்க முடியாது.

கல் வைக்கும் நாள் ஞாயிறு. ஆராதனைக்குப் பின் தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. நான் போகாமல் இருந்திருக்கலாம். கால் போனது.

மாமனார் உலர்ந்த எலும்புகளைப் பற்றித்தான் பேசினார். நன்றாகப் பேசினார். அதுதான் கொடுமை. பள்ளத்தாக்கில் எலும்புகள் அசையும் சத்தத்தைச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பெண் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உறைகளை எடுத்தார். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். ஒன்று வலது கையில், ஒன்று இடது கையில்.

"இதுல எது எதுன்னு ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்பேன். இன்னிக்குக் கேட்கமாட்டேன்." குரல் உடைந்தது. "இது எம் பொண்ணு கை. இதை அவகூடவே வைக்கப் போறேன். கல்லுக்கு அடியில. அந்த நாள்ல எலும்பெல்லாம் தேடி வரும்போது, இந்தா, இதுதான் கணக்குன்னு தெரியணும்."

ஆமென் என்றார்கள். எலும்புக்கு ஏது புறஜாதி என்ற வரி வரும் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். வரவில்லை. வேறு யாரும் அதைத் தேடியதாகத் தெரியவில்லை.

இறங்கி வந்து இடது கையில் இருந்ததை வெறும் உறையோடு என்னிடம் நீட்டினார். "இது உன்னோடது மாப்ள. நீ வீட்டுல வெச்சுக்க."

வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து, வெயிலில், உறையிலிருந்து பாதி இழுத்துப் பார்த்தேன். நீண்ட விரல்கள். சுண்டுவிரலின் அடியில் எள்ளு.

தோட்டத்தில் கொத்தனார் சிமெண்ட் குழைத்து வைத்திருந்தார். முதலாளியம்மா ஆட்களோடு வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மண்மேட்டைச் சமப்படுத்திய இடத்தில், நடுவில், மாமனார் கேட்டபடி ஒரு குழிவு விட்டிருந்தார்கள். அவர் பிலிமைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஓரங்களை ஒட்டியிருந்தார். சிவப்பு முடிச்சையும் உறையிலிருந்து வெட்டி உள்ளே போட்டிருந்தார்.

குனியுமுன் என் பக்கம் திரும்பினார். "கடைசியா ஒரு தடவை பார்க்கறியா மாப்ள?"

வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். குட்டை விரல்கள். சுண்டுவிரல் பக்கம் ஒன்றும் இல்லை. என் கை. விரி, அசையாதே என்று அவர் சொன்னபோது அசையாமல் வைத்த கை.

மச்சான் என் தோளில் கை வைத்தான். "அழுதுடுடா" என்றான். "அடக்கி வெக்காதே."

சொல்லியிருக்கலாம். சொன்னால் எடுத்துவிடுவார்.

திருப்பிக் கொடுத்தேன். அவர் மண்டியிட்டு, அந்தக் குழிவைக் கையால் தேடி, அதில் வைத்தார். தட்டிக்கூடக் கொடுத்தார், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. ஆட்கள் கல்லை இறக்கினார்கள். கொத்தனார் ஓரங்களைப் பூசினார். ஜெபம் செய்தார்கள். நான் கண்ணை மூடவில்லை.

அது படம்தான். எலும்பு இல்லை. அது எனக்குத் தெரியும்.

எல்லோரும் கலைந்தபோது மாமனார் மட்டும் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விரல்களால் எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தார், ரேடியோவுக்குள் தேடியதுபோல. குழாய்ப் பக்கம் இரண்டு பேர் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலை நோக்கி நடந்தேன்.

"மாப்ள."

நின்றேன்.

"அவ பேரைப் படிக்க முடியலைடா." இத்தனை வருஷத்தில் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. "தொட்டுத்தான் பார்க்கறேன். ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நீ ஒரு டாக்டர் சொன்னியே. கேட்டுச் சொல்லுவியா?"

"சொல்றேன் மாமா."

"உனக்குத்தான் தொந்தரவு."

"தொந்தரவு இல்லை."

மறுநாளே டாக்டரிடம் பேசி நேரம் வாங்கினேன். மச்சானை வண்டி கொண்டுவரச் சொன்னேன். "நீ நீதான்டா ஒட்டு" என்று போனில் தழுதழுத்தான். "நாங்க பண்ணினதுக்கு வேற எவனும் எட்டிப் பார்த்திருக்கமாட்டான்." எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். நல்ல டாக்டர். கை சுத்தம். மாமனாருக்குப் பார்வை நன்றாகவே திரும்பும்.

ஆபரேஷன் முடிந்து கண் ஆறியதும் கண்ணாடிக்கு அளவு பார்க்க என் கடைக்குத்தான் வருவார். அந்த நாற்காலியில் உட்காருவார். எதிரே வெளிச்சப் பெட்டி. எழுத்து அட்டை அவருக்கு மனப்பாடம்; அதை வைத்துச் சோதிப்பதில் பிரயோஜனம் இல்லை. கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் அவள் கையை மாட்டியிருக்கிறேன்.

சுண்டுவிரலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.